ஊறப்போட்ட பாஸ்போர்ட்

"பயணியர் நல்வரவு அலுவலர்: அயல்நாட்டு விருந்தினரை இன்முகத்துடன் எதிர்கொண்டு, அவர்தம் ஐயங்களைக் களைந்து, அலைச்சலும் காத்திருப்பும் இன்றி உள்ளே அனுப்பிவைப்பவர். நாட்டின் முதல் புன்னகை."

விமான நிலைய வருகைக் கூடத்தில், கடைசி கவுண்டரில் உட்கார்ந்திருந்தவரின் பணி விவரம் இப்படித்தான் சொன்னது. எழுதியவர் அவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கடைசி வரியையாவது அடித்திருப்பார். அவர் சிரிக்கவே மாட்டார் என்று அபாண்டமாகச் சொல்ல முடியாது. வரிசையில் யாராவது கண்ணைக் கசக்கினால் அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வரும். அதைப் புன்னகை என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருக்குக் கூடத்தில் 'கண்ணாடி' என்று பெயர். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்குக் கண்ணாடி போட்ட ஆளைத் தேடி ஏமாந்து போவார்கள். இது முகம் பார்க்கிற கண்ணாடி. வந்தவன் நாடு நமக்கு என்ன செய்கிறதோ, அதை வந்தவனுக்கு அப்படியே திருப்பிக் காட்டுவார். கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார் என்று பக்கத்து கவுண்டர் அக்கா சொல்வார். அந்த அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை.

ஒரு குறிப்பிட்ட நாட்டுக்காரர்களிடம் இந்தக் கவுண்டர்கள் வசூலித்ததற்கு அரசாங்கம் வைத்த பெயர் பதில் கட்டணம். நம் ஆட்கள் அந்த நாட்டுக்குள் நுழைய அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ, அவர்கள் ஆட்கள் இங்கே நுழைய நாமும் அவ்வளவு வாங்குவோம். அவர்கள் ஏற்றினால் மறுநாளே ஏற்றுவோம். அவர்கள் குறைத்தால் சுற்றறிக்கை வர நாளாகும். சண்டை போடுகிற இரண்டு பேருக்குமே லாபம் கிடைக்கிற ஒரே சண்டை உலகத்தில் இதுதான். அடி மட்டும் விமானத்தில் வருகிறவனுக்கு.

ஆனால் அந்த நாட்டுத் தூதரகம் நம் ஆட்களிடம் பணம் மட்டுமா வாங்கியது? காலையிலிருந்து தெருவில் நிற்கவைத்தது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டது, கடைசியில் கை விரித்தது. இதற்கெல்லாம் பதில் வைக்க அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. அந்தக் குறையைக் கவுண்டர்காரர்கள் தாங்களாகவே தீர்த்தார்கள். வந்தவரிடம் விசா சரியாக இருக்கும், கட்டணம் கட்டிய ரசீது சரியாக இருக்கும், படம்கூட முகத்தோடு ஒத்துப்போகும். ஆனாலும் பாஸ்போர்ட் இழுப்பறைக்குள் போகும், ஆள் எதிரே இருக்கிற இரும்பு பெஞ்சுக்குப் போவார். இதற்கு 'ஊறப்போடுவது' என்று பெயர். சிலதை அரை மணி ஊறப்போடுவார்கள், சிலதைச் சாயங்காலம் வரை. கேட்டால், சரிபார்ப்பு நடக்கிறது என்று பதில் வரும். மேலதிகாரிக்கும் தெரியும். அவருடைய மச்சானையும் அந்தத் தூதரகம் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஊறப்போட்டதை இன்னொருவர் தொடக்கூடாது. இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் யாரும் அதை மீறியதில்லை.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. கண்ணாடிக்கு அப்படி இல்லை, அதற்கு ஒரு கதை உண்டு.

அவருக்கு ஒரே தங்கை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதிலும் அவள் பாப்பாதான். கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போனாள், குடியுரிமை வாங்கினாள், பிள்ளை பெற்றாள். பிள்ளையைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கண்ணாடி விசாவுக்கு எழுதிப்போட்டார். நடுங்குகிற கையோடு அம்மா தனியாகப் போக முடியாது. அம்மாவுக்கு விசா கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பதாரர் தம் நாட்டுக்குத் திரும்பி வருவதற்குப் போதிய காரணங்கள் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது.

அரசாங்க வேலை, மனைவி, தாய், கடன் இல்லாத வீடு. இத்தனையையும் ஒருவன் எடைபோட்டுப் பார்த்து, போதாது என்று சொல்லிவிட்டான். கண்ணாடி அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினார், ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உள்ளதத்தானே எழுதியிருக்கான்" என்றாள், நிமிராமல். அம்மா கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்து, பேரனுக்கு வாங்கிய சட்டைகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். உன்னால்தான் நானும் போக முடியவில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பாப்பாவும் போனில் பேசினாள். "என்னண்ணா பண்றது, எங்க சட்டம் அப்படி" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆறுதலான வார்த்தைகள்தான் ஆளுக்குள் நன்றாக இறங்கும்.

அன்றிலிருந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு யார் வந்தாலும் கண்ணாடி ஒரு கேள்வி கேட்பார். "உங்க நாட்டுக்குத் திரும்பிப் போக உங்களுக்கு என்ன காரணம் இருக்கு?" சுற்றிப் பார்க்க வந்த கிழவர், பேரன் பேத்திகளின் படங்களைப் பர்சிலிருந்து உருவி உருவி அடுக்குவார். கண்ணாடி ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்ப்பார். "இது போதுமா?" என்பார். பிறகு ஊறப்போடுவார்.

இதற்கிடையில் அம்மா படுத்துவிட்டாள். குளிப்பாட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் கண்ணாடிதான். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. மனைவி உதவிக்கு வந்தாலும் விடமாட்டார். அக்கம்பக்கத்தில் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெண்கள் இல்லை; தங்கள் மகன்கள் இப்படிச் செய்யப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா மட்டும் அவர் துடைத்துவிடும்போது மேலே பார்த்துக்கொண்டு, பாப்பா கை எவ்வளவு மெத்துமெத்தென்று இருக்கும் என்பாள். பாப்பா எப்போது வருவாள் என்பாள். அவர் தண்ணீரை மாற்றப் போவார்.

ஒருநாள் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சுற்றிவளைக்காமல், வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். கண்ணாடிதான் பாப்பாவைக் கூப்பிட்டார். கிளம்பி வா, நேரம் பார்க்காதே என்றார். கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் இங்கே நிற்க வேண்டியதில்லை என்றும், இணையத்தில் எந்தப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்றும் அவரே விளக்கினார். அவள் அப்படியே செய்தாள்.

அவள் வரும் நாளில் அவர் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. மனைவியை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.

விமானம் நேரத்துக்கு வந்தது. பாப்பா தோளில் ஒரு பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பக்கத்து கவுண்டர் காலியாக இருந்தது. அக்கா கையசைத்துக் கூப்பிட்டார். பாப்பா தலையை ஆட்டி, "இல்லைங்க, அது எங்க அண்ணன்" என்றாள், சலுகை கிடைக்கப்போகிற பெருமையோடு. அப்படிச் சொல்லிவிட்டு, அண்ணன் முன்னால் நீண்டு நின்ற வரிசையின் வாலில் போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது கண்ணாடி பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார்.

"அம்மா எப்படிண்ணா இருக்கு?"

"வருகையின் நோக்கம்?"

பாப்பாவுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் இந்த இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையைக் கவுண்டராக்கி விளையாடியிருக்கிறார்கள். "அம்மாவைப் பாக்க" என்றாள்.

"உங்க நாட்டுக்குத் திரும்பிப் போக உங்களுக்கு என்ன காரணம் இருக்கு?"

அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்பாவின் சிரிப்பு வாயிலேயே நின்றது.

"அண்ணா, விளையாடாத. நேரமில்ல."

"சரிபார்ப்பு இருக்கு. பெஞ்சுல உக்காருங்க."

"எதுக்குண்ணா? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"எங்க சட்டம் அப்படி" என்றார் கண்ணாடி. பாஸ்போர்ட்டை இழுப்பறையில் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இதுவரை நடந்ததை ஒரு அண்ணனின் வீம்பு என்று விட்டுவிடலாம். அரை மணி உட்காரவைத்து, அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார். அப்படித்தான் அவரும் நினைத்திருந்ததாக, அவருக்கு வேண்டியவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அரை மணி ஆவதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்தது. மூச்சு இறங்கிக்கொண்டே போகிறது, டாக்டர் வரச் சொல்கிறார், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள். கண்ணாடி சரி என்றார். எழுந்து, இழுப்பறையைப் பூட்டினார். மேலதிகாரியிடம் போய், அம்மாவுக்கு முடியவில்லை என்றார். மேலதிகாரி பதறிப்போய் தன் காரையே கொடுத்து அனுப்பினார். ஊழியர் வாசல் பெஞ்சுக்குப் பின்பக்கம் இருந்தது. அவர் போவதைப் பார்த்துப் பாப்பா எழுந்து நின்றாள். கண்ணாடி உள்ளங்கையைக் காட்டினார், இதோ வருகிறேன் என்பதுபோல. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி மாடியில், செல்போனை அணைத்துவைக்கவும் என்று பலகை உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. கண்ணாடி படித்தார், அணைத்தார். விதிகளை மதிக்கிற ஆள்.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. மூச்சுக் குழாய்க்குள்ளிருந்து "பாப்பா?" என்றாள்.

"வரலைம்மா. நான் இருக்கேன்ல."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவி அவரைப் பார்த்தாள். விமானம் இறங்கிவிட்டதை அவள் போனில் பார்த்திருந்தாள். அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

அம்மா கண்ணை அவர் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு, "நீ இருப்ப" என்றாள். "நீ எங்க போகப்போற."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. தூதரகத்தான் இல்லை என்று எழுதிக்கொடுத்த அந்தக் காரணத்தை, பெற்றவள் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய விஷயம். கண்ணாடி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. உச்சி வெயில் சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

அதே நேரத்தில் பாப்பா பெஞ்சிலிருந்து எழுந்து பக்கத்து கவுண்டர் அக்காவிடம் வந்து நின்றாள். நான் போக வேண்டும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாள். அக்கா பூட்டிய இழுப்பறையைப் பார்த்தார். அது அவர் ஊறப்போட்டதும்மா, நான் தொட முடியாது என்றார். உங்கண்ணன்தானே, வந்துடுவாரு என்றும் சொன்னார். அதற்குமேல் அழுகை பெரிதானதும் மேலதிகாரி வந்தார். மாற்றுச் சாவியைத் தேடினார்கள். அது நிர்வாகப் பிரிவில் இருந்தது, நிர்வாகப் பிரிவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் போன் போட்டார்கள், அணைந்திருந்தது. பூட்டை உடைக்கலாமா என்று ஒரு யோசனை எழுந்தது. அரசாங்கச் சொத்து என்று அது உட்கார்ந்தது. அக்கா பாப்பாவுக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அன்று முழுக்க அந்தக் கூடத்தில் நடந்த நல்வரவு அது ஒன்றுதான்.

கண்ணாடி பொழுது சாயும்போது திரும்பி வந்தார். சட்டை கசங்கியிருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருகையின் நோக்கத்தை மாத்தணும்" என்றார். "பாக்க அம்மா இல்ல."

முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனும் தங்கையும் பேசிய கடைசிப் பேச்சு அது. காரியங்கள் முடிந்ததும் அவள் திரும்பிப் போனாள். அவளுக்கு அங்கே போதிய காரணங்கள் இருந்தன.

இலாகா ஒரு விசாரணை வைத்தது. கண்ணாடி ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தாய் சாகக் கிடக்கும்போது எவனுக்குச் சாவி நினைவிருக்கும் என்று மேலதிகாரியே எடுத்துக் கொடுத்தார். அதையே எழுதிக்கொண்டார்கள்: மன உளைச்சலால் நேர்ந்த மறதி. அக்கா அவருக்குத் தோளில் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை அந்தக் கவுண்டரிலேயே இருந்தார். வழியனுப்பு விழாவில் முதல் புன்னகை என்கிற வரியை மறுபடி வாசித்தார்கள். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கை தட்டவில்லை.

அவர் மறக்கவில்லை. காரில் போகும்போது சாவி அவர் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், விமான நிலையத்துக்குத் திரும்பிப் போகட்டுமா என்று டிரைவர் கேட்டபோது, அவர் கையைப் பிரித்து அதைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், காரை அனுப்பிவிட்டு மாடி ஏறினார்.