இத்தா வீட்டுக்குப் போகாத மெயில்

எங்கள் அரிசி ஆலையின் அலுவலகத்தில் மின்சாரத்தில் ஓடும் எது பழுதானாலும் ஏச்சு எனக்குத்தான். பிரின்டரில் மை முடிந்தாலும் நான்தான், கேட்டில் உள்ள கமரா மங்கினாலும் நான்தான். அதெல்லாம் பழகிவிட்டது. ஒருவரும் ஏசாமல் விட்ட ஒரு பிழைதான் இன்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறது.

கொழும்பு வியாபாரிகளின் ஓர்டர்களை ஆறு வருடமாகப் பார்த்து வந்தவர் ஒரு பெண். நாவிதன்வெளிப் பக்கம் எப்போது நெல் வெட்டுத் தொடங்கும், எந்த வியாபாரிக்கு எந்த அரிசி பிடிக்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் அவருடைய கணவர் நெஞ்சு நோகுது என்று படுத்தார், எழும்பவில்லை. ஜனாஸாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அன்றிலிருந்து அவர் இத்தாவில். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். பிள்ளைகள் இரண்டு. இனி அவருடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

ஆலை முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் புள்ள ஊட்ட இருந்தே வேலையப் பாக்கட்டும். அதுக்கு ஒரு வழி செஞ்சு குடுங்க” என்றார்.

அலுவலக மெயிலை வெளியிலிருந்து திறக்கும் வசதி எங்களிடம் இல்லை. அதனால் அவருக்கு வரும் மெயில்கள் எல்லாம் அவருடைய சொந்த முகவரிக்கும் தானாகப் போகும்படி சேர்வரில் அமைத்தேன். என் அலுவலக முகவரியிலிருந்து ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் “கிடைச்சது காக்கா” என்று பதில் வந்தது. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு அந்நிய ஆண் போனில் கோல் எடுப்பதா என்ற கூச்சம். மார்க்கத்தில் அப்படி ஒரு தடை உண்டா என்று எந்த மௌலவியிடமும் விசாரித்ததில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். ஹாஜியாரும் அப்படித்தான்.

இரண்டு மாதம் கழித்து ஹாஜியார் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை.

“கொழும்பு ஆக்கள் எனக்குக் கோல் எடுத்து ஏசுறாங்க. ஒரு மெயிலுக்கும் பதில் இல்லியாம். அந்தப் புள்ளைக்கு இனி ஏலாது போல. பாவந்தான், என்ன செய்ற? வேற ஒரு ஆளப் பாப்பம்.”

இன்று ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு சேர்வரின் பதிவுகளைத் திறந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒவ்வொரு மெயிலும் வெளியே போகும் இடத்தில் திருப்பப்பட்டிருந்தது. எங்கள் சேர்வர், அனுப்பியவரின் முகவரியை மாற்றாமல் அப்படியே தள்ளிவிட்டிருக்கிறது. கொழும்புக் கம்பனியின் பெயரில் வேறெங்கிருந்தோ வருகிறதே, இது போலி என்று அவருடைய சொந்த மெயில் சேவை வாங்க மறுத்துவிட்டது. நான் பரீட்சித்தது எங்கள் அலுவலக முகவரியிலிருந்து. அதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. வெளியாள் போல ஒரு மெயிலை அனுப்பிப் பார்க்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. மறுப்பு அறிவித்தல்கள் அனுப்பியவர்களைத் தொல்லைப்படுத்தாமல் ஒரு பெட்டியில் விழட்டும் என்று முன்பு அமைத்தவனும் நானே. அந்தப் பெட்டியைத் திறந்து எத்தனை மாதமோ!

வெளியே போகும்போது எங்கள் முகவரியின் பெயரில் போகும்படி மாற்ற அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. இந்த முறை என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பி, தடையில்லாமல் போனதைப் பதிவில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அலுவலகப் பெட்டியில் பிரதிகள் இருந்ததால் தேங்கிக் கிடந்தவற்றையும் ஒன்றும் விடாமல் அனுப்பிவைத்தேன். பிறகு ஹாஜியாரிடம் போய், பிழை அந்தப் பெண்ணுடையதல்ல, என்னுடையது என்றேன். “அப்ப அந்தப் புள்ளையே பாக்கட்டும். நீங்களே சொல்லிருங்க” என்றார். அவ்வளவுதான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பெண்ணுக்குக் கோல் எடுத்தேன். ஸலாம் சொல்லி, நடந்ததைச் சொல்லி, வேலை எங்கேயும் போகாது என்றேன். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

“வேலைய என்னட்ட இருந்து சத்தமில்லாம எடுத்திட்டீங்க எண்டுதான் நினைச்சன், காக்கா. கேக்கவும் வெக்கமா இருந்திச்சி. இப்ப வந்ததெல்லாம் பாத்தன். ஓர்டர் பாதி, மத்தப் பாதி மாப்புள்ளட மவுத்து விசாரிச்சி எழுதினது. ஆறு வருசமா ஒவ்வொரு நாளும் எழுதின ஆக்கள், ஒருத்தர் கூட ஒரு வார்த்தை கேக்கல்லியே எண்டு ரெண்டு மாசமும் அழுதன். அவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க.”

கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலில் கோபம் எதுவும் இல்லாமல் கேட்டார்:

“உங்கட ஒண்டும் அதுக்குள்ள இல்லியே, காக்கா. நீங்க எழுதினதும் எங்கயாவது தங்கிட்டா?”

நான் எழுதவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஓம், தங்கிட்டு” என்றேன்.