மாலி நாட்டுத் தங்கம்

கொடைக்கானலில் தோட்டக்காரரை மாலி என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து பங்களாக்களில் விட்டுப்போன சொல். கீழே பழனியில் போய்ச் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. என் அப்பா ஒரு மாலி. ஏரிக்கு மேல்புறம், சிவப்புத் தகரக் கூரை போட்ட பங்களாவில் வேலை. அங்கிருந்த துரைசானி அம்மாள் பதினாலு வருஷமாக அவரை "மாலி, மாலி" என்றே கூப்பிட்டு வந்தார். அப்பாவின் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் மாறியபோது புதுத் தோழிகள் வீடு எங்கே என்று கேட்டார்கள். நான் சிவப்புக் கூரையைக் காட்டினேன். அதற்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. கை நீட்டிய திசை சரிதான். அப்பாவுக்கு என்ன வேலை என்றார்கள். "பங்களாவைப் பாத்துக்கிறாங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. மீதியை அவர்களாகவே கற்பனை செய்துகொண்டார்கள். நான் குறுக்கே விழுந்து தடுக்கவில்லை. ஒரே மாதத்தில் பங்களா மேனேஜரின் மகளாகிவிட்டேன். அந்தப் பதவி எனக்கு நன்றாகவே பொருந்தியது.

உண்மை தெரிந்தவள் மைமூன் ஒருத்திதான். அவளுடைய அத்தா பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பா அங்கேதான் சாமான் வாங்குவார். மைமூன் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு வேறு பேச்சை எடுப்பேன்.

அது அறுபதாம் வருஷம். ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு நாடாக விடுதலை அடைந்துகொண்டிருந்தது. எங்கள் சரித்திர சாருக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. கழுத்தில் மப்ளரும் கையில் பழைய செய்தித்தாளுமாக வருவார். பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கியிருந்தது அரைப் பக்கம். அதிலும் இருண்ட கண்டம் என்று போட்டிருந்தது. "இருட்டு எழுதினவன் கண்ணுல இருக்கு. புத்தகத்த மூடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

முதலில் சொன்னது கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த அபிசீனியாவின் கதை. இஸ்லாம் தோன்றிய புதிதில் மக்காவில் துன்பப்பட்ட சிலர் கடல் தாண்டிப் போய் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பிப் பிடித்துவர மக்காவின் பெரிய மனிதர்கள் பரிசுப் பொருள்களோடு ஆள் அனுப்பினார்கள். அபிசீனிய அரசர் கிறிஸ்தவர். இரண்டு பக்கமும் விசாரித்தார். பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார். நம்பி வந்தவர்களைக் காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மைமூனுக்கு இந்தக் கதை முன்பே தெரியும். சார் விட்ட இடங்களை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சார் கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'மாலி' என்று எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதிதாக விடுதலை பெற்ற நாடாம். பழைய காலத்தில் அது பெரிய ராஜ்யமாம். மூசா என்ற மாலி மன்னர் மக்காவுக்குப் பயணம் போனபோது வழியெல்லாம் வாரிக் கொடுத்ததில் கெய்ரோ நகரத்தில் தங்கத்தின் விலையே விழுந்துவிட்டதாம்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், மாலிகிட்ட ஏது சார் தங்கம்? மம்பட்டிதான இருக்கும்!"

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். மைமூன் சிரிக்கவில்லை.

"ஏலே, சிரிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு சார் அந்த ஊர் வியாபாரத்தைச் சொன்னார். வடக்கேயிருந்து ஒட்டகத்தில் உப்பு கொண்டுவருகிறவர்கள் அதை ஆற்றங்கரையில் குவித்துவிட்டு விலகிப் போய்விடுவார்கள். பிறகு தங்கக்காரர்கள் வந்து, ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் கொஞ்சம் தங்கத்தை வைத்துவிட்டு அவர்களும் விலகிவிடுவார்கள். உப்புக்காரர்கள் திரும்பி வந்து பார்ப்பார்கள். போதுமென்றால் தங்கத்தை எடுத்துக்கொள்வார்கள். போதாதென்றால் தொடாமலே போய்விடுவார்கள். தங்கக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஒரு பேச்சு கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் கிடையாது.

இதை வெள்ளிக்கிழமை நடித்துப் பார்க்கலாம் என்றார் சார். உப்புக்கு மைமூன் பொறுப்பேற்றாள். தங்கத்துக்கு மஞ்சள் பூ வேண்டும், யார் கொண்டுவருவீர்கள் என்றார். மேனேஜர் மகள் சும்மா இருக்க முடியுமா? "எங்க தோட்டத்துல நெறைய இருக்கு சார், ஒரு கூடை கொண்டாரேன்" என்று கையைத் தூக்கினேன்.

வீட்டுக்குப் போய்ப் பூ கேட்டதும் அப்பா தலையைச் சொறிந்தார். "செடியில உள்ளது தொரசானியோடது தாயி. உதுந்து கெடக்குறதுதான் நம்மளது." உதிர்ந்ததைக் கொண்டுபோனால் என் மானம் போய்விடும் என்று நான் அழுது அடம்பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம் பேசாமலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

சரித்திர வகுப்பு வந்தது. மைமூன் கொண்டுவந்த கல் உப்பைப் பள்ளி வராந்தாவில் நாலு குவியலாக வைத்தோம். "எங்கடி தங்கம்?" என்று ஆளாளுக்கு என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தூறலில் ஒருவர் மைதானத்தைக் கடந்து வந்தார். கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சேறு. கையில் கூடை நிறைய மஞ்சள் டேலியா. எல்லாம் அன்று காலையில் செடியிலிருந்து வெட்டியவை.

"சார், மாலி! மாலி வந்தாச்சு!" என்று அதே பையன் கத்தினான். மறுபடியும் சிரிப்பு.

"யாரைப் பாக்கணும்?" என்று சார் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்டு மாலி சார்."

அப்பாவின் கை கூடையில் அப்படியே நின்றது. அது ஒரு கணம்தான். பிறகு தலையிலிருந்த சாக்கை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க. பாப்பா பூ கேட்டாங்க, கொண்டாந்திருக்கேன்" என்றார் சாரிடம். கூடையை உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கினார். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "போதுங்களா, பாப்பா?"

பிறந்ததிலிருந்து என்னைத் தாயி என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டு அறியாதவர். நான் தலையை ஆட்டினேன்.

சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உள்ள வந்து உக்காருங்க, நனையிறீங்க" என்றார். "இல்லைங்க, சோலி கெடக்குங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனார். சார் என்னை ஒரு தடவை பார்த்தார். பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு என்பதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாருக்குத் தெரியும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவர் பூக்களைக் குவியலுக்கு ஒரு கைப்பிடியாகப் பிரித்து வைத்தார். நாடகம் நன்றாகவே நடந்தது.

இடைவேளையில் மைமூனைத் தனியாக இழுத்துப் போனேன். கிறிஸ்துமஸுக்குத் துரைசானி கொடுத்த சாக்லேட் ஒன்றைப் பத்து மாதமாகப் புத்தகப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதை அவள் கையில் வைத்தேன்.

"இது என்னத்துக்குடி?"

"சும்மாதான். வச்சுக்க."

அவள் என்னையும் சாக்லேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்ப என் கையிலேயே வைத்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இதுக்காக இல்ல." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எங்க அத்தாவ நான் அப்படிச் சொன்னா, அத்தா செத்தே போயிருவாங்க."

சொன்னபடி அவள் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்போதும் எனக்கு அபிசீனிய அரசரின் ஞாபகம் வரவில்லை, பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியபோதும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. அப்பா வழக்கம்போல வாளித் தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன பாடம் நடத்துனாங்க தாயி?" என்று கேட்டார். மாலி என்று ஒரு தேசம் இருப்பதாகவும் அதற்கு ராஜா உண்டென்றும் சொன்னேன். "மாலிக்கு ராச்சியமா! தொரசானிகிட்ட சொல்லணுமே" என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து, இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன். பதினாலு வருஷத்தில் துரைசானியிடம் அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு கூடைப் பூவைத்தான் என்று, ரொம்ப காலம் கழித்து அம்மா சொன்னாள்.

அதன் பிறகு அப்பா பள்ளிக்கூடத்துக்குள் வரவேயில்லை. நான் சாப்பாட்டை மறந்து போனால் கேட்டில் பியூனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். குளிர் அதிகமானால் ஸ்வெட்டர் அதே மாதிரி வந்து சேரும். பஜாரில் நான் தோழிகளோடு வந்தால் எதிர் வரிசைக் கடைக்கு மாறிவிடுவார். அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும் என்று நினைத்தேன். வசதியாகவும் இருந்தது.

நானும் சரித்திர டீச்சராகத்தான் ஆனேன். அப்பா போய்ச் சேர்ந்த வருஷம், ஏழாம் வகுப்பில் அதே உப்பு வியாபாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "டீச்சர், உப்புக்காரங்க தங்கத்த எடுக்கவே இல்லைன்னா அந்த ஆளு என்ன செய்வாரு?"

"இன்னும் கொண்டாந்து வைப்பாரு" என்றேன். அதற்கு மேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

"போதுங்களா" என்று அவர் கேட்டது பூவைத்தான் என்று நினைத்தல்லவா அன்றைக்கு நான் தலையாட்டினேன்.