பெருமாள் வண்டியில் தூங்கியவள்

வேலையில் தடுமாறும் ஒரு பெண்ணைப் பார்த்து, "இவளுக்குப் புத்தி மழுங்கிப் போச்சு" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியே மெர்சியைப் பார்த்து அப்படிச் சொன்னது.

மெர்சி அங்கே சாம்பிள் தையல்காரி. புது மாடல் வந்தால் முதல் ஜோடியைத் தைப்பது அவள்தான். மாலையில் மாஸ்டர் இஷ்தியாக் அகமது ஒருமுறை தைத்துக் காட்டுவார். அப்போது பாதிதான் பிடிபடும். மறுநாள் காலை மெஷினில் உட்கார்ந்தால் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

அது பெருமாள் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டிய காலம். மாலையில் வீடு திரும்பும்போது, பச்சகுப்பம் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிடுவார். "பொண்ணுங்க தூங்குது, ஹாரன் அடிக்காதடா!" என்று எதிரே வரும் லாரிக்காரனைப் பார்த்துக் கத்துவார். அந்தச் சத்தத்தில்தான் பாதிப் பேர் விழித்துக்கொள்வார்கள். ஜன்னலில் பாலாற்றுக் காற்று, முந்தானையில் பசை வாடை, பக்கத்து சீட்டு மேகலாவின் தோளில் மெர்சியின் தலை. வீட்டுக்குப் போனால் நேரத்தோடு சோறு, விடியும்வரை தூக்கம்.

பெருமாள் ஓய்வு பெற்றார். ஷிப்மென்ட் அவசரம் என்று தினமும் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, வந்தது. புது வண்டி பாட்டை அலறவிட்டு ஊரெல்லாம் சுற்றியது. கோழித்தூக்கம் போட்டு எழுந்து ஓடிய மெர்சி, ஒருநாள் கயிற்றுக்கு அடியில் வரும் நாக்குத் தோலை வைக்காமலே ஷூவின் மேல்பாகத்தை மூடித் தைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, ஊமை ஷூவா தெச்சிருக்கே? நேத்து காட்டினது நேத்தோட போய்டுச்சா?" என்றார் மாஸ்டர். "இன்னொரு தடவ தப்பினா சாம்பிள வுட்டுட்டு நூல் வெட்டுற மேசைக்குத்தான் போவணும்."

மேகலா மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். சபையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். எல்லாம் கிடைத்தது, தூக்கம் மட்டும் கிடைக்கவில்லை. பகலில் கை கற்றதை மூளை உறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துப் பதித்துக்கொள்கிறது. இது சோதனைகளில் கண்ட உண்மை, யாருடைய அருளும் அல்ல. தூக்கத்தைப் பறித்துக்கொண்டு ஞாபகம் எங்கே என்று கேட்பது, ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தைக்கச் சொல்வது.

பழைய வண்டியில் தூங்கிய நாட்களில் கை தப்பியதே இல்லை என்று நினைத்து நினைத்து மெர்சிக்கே அது புரிந்தது. ஓ.டி. இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை மாஸ்டரிடம் போனாள்.

"அடுத்த மாடலை இப்பவே காட்டுங்க பாய். திங்கக்கெழம தெச்சுத் தர்றேன்."

"நாளைக்கு வூட்ல ப்ராக்டிஸ் பண்ணப் போறியா? மெஷின் கீதா?"

"இல்ல பாய். தூங்கப் போறேன்."

தையல் லைனே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே காட்டினார்.

ஞாயிறு காலை கணவன் டேனியல் எழுப்பினான். "இன்னா மெர்சி, சபைக்கு வரல? பாஸ்டர் கேப்பாரே."

"அவ தூங்குறான்னு சொல்லு. பொய் சொன்னாத்தான பாவம்!"

அன்று கறியை டேனியல்தான் ஆக்கினான். உப்பு ஜாஸ்தி. மெர்சி எழுந்தது மத்தியானம். தின்றுவிட்டு மறுபடி படுத்தாள்.

திங்கட்கிழமை அவள் கை யோசிக்கவே இல்லை. நாக்கு, ஓரம், மடிப்பு என்று ஒவ்வொன்றும் தன் முறையில் வந்தது. மாஸ்டர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, உன் எடத்துலயே உக்காரு" என்றார். ஆனால் அன்று மாலையே மறுபடி ஓ.டி. என்று அறிவிப்பு வந்தது.

அந்த ஓ.டி.யை ஒழிக்க ஊரே சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டிலும் ஷிப்டுக்கு ஓடும் ஒரு பெண் இருப்பாள். வரும் ஞாயிறு அவளை எழுப்பாதீர்கள். அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள்.