வலது கழுத்து

மயக்க மருந்து கொடுத்து ஆட்களைத் தூங்க வைத்து எழுப்புவதுதான் என் தொழில். வாழ்க்கையில் பாதியை ஐசியுவில் கழித்திருக்கிறேன், எத்தனையோ பேர் என் கண்ணெதிரே போயிருக்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பி வந்து எட்டிப் பார்த்ததில்லை. அதனால் பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, கேட்டுவிட்டு ஏதாவது காரணம் தோன்றினால் சொல்லுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, காரணம் கிடைத்தால் எனக்கு நிம்மதிதான்.

குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். அது ஆடி மாத மழைக்காலம். ராத்திரி இல்லை, இதைக் கவனியுங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேகம் இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாக நின்றதே தவிர, உள்ளே எல்லா விளக்கும் எரிந்தன, எல்லா மிஷினும் ஓடின.

சரோஜா என்று ஒரு பெண், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். எலிக்காய்ச்சல். கண் மஞ்சளாகி, சிறுநீர் சுத்தமாக நின்று, பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் முருகேசன் அதே எஸ்டேட் பேக்டரியில் வேலை செய்கிறவர். நனைந்த ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் ஐசியு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பலாம் என்றால், பர்லியார் பக்கம் மரமும் மண்ணும் சரிந்து ரோடு மூடிக்கிடந்தது. கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகலாம்தான், ஆனால் அந்த பிரஷரில் பாதி வழிகூடத் தாங்கமாட்டாள்.

“மேடம், இங்கயே பாத்துக்குங்க. என்ன ஆனாலும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க” என்றார் முருகேசன். அப்படிச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

அவளுக்கு இரண்டு குழாய்கள் போட வேண்டியிருந்தது. கை நரம்பில் போடுகிற சாதாரண ஊசி இல்லை, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய் வரை போகிறவை. ஒன்று மெல்லிசு, உள்ளே மூன்று வழி இருக்கும், பிரஷர் மருந்தும் மற்ற மருந்துகளும் தனித்தனியாகப் போக. இன்னொன்று தடிமன், டயாலிசிஸுக்கு, ஒரு வழியாக ரத்தத்தை இழுத்து இன்னொரு வழியாகத் திருப்பி விட. எதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. காறை எலும்புக்கு அடியில் போடலாம், ஆனால் ரத்தம் கசிந்தால் அங்கே கையால் அழுத்தி நிறுத்த முடியாது, அவளுக்கோ ரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. தொடையில் போட்டால் காலை மடக்காமல் கிடக்க வேண்டும், கிருமியும் சீக்கிரம் ஏறும். எல்லாவற்றிலும் நல்ல இடம் வலது கழுத்து. அங்கிருந்து இதயத்துக்கு நேர் ரோடு.

கோயம்புத்தூரில் இருக்கிற கிட்னி டாக்டரிடம் போனில் பேசினேன். “வலது கழுத்தை டயாலிசிஸ் கதீட்டருக்கு வெச்சுக்குங்க மேடம். மெல்லிசானதை இடது பக்கம் போட்டுக்கலாம்” என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஸ்கேன் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு நரம்பும் நன்றாக, அகலமாக இருந்தன.

கையைக் கழுவி, கவுன் போட்டு, சரோஜாவின் கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி துணி போர்த்தினேன். உதவிக்கு ரெபேக்கா சிஸ்டர், அருவங்காட்டுப் பெண், லேசில் பதறுகிற ஆள் இல்லை. ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். துடிக்கிறது தமனி, பக்கத்தில் பெரிதாக இருப்பது நமக்கு வேண்டிய நரம்பு. கருவியால் அழுத்தினால் அந்த நரம்பு மட்டும் தட்டையாகிவிடும், கையை லேசாக்கினால் திறந்துகொள்ளும். 

ஊசியைக் கொண்டுபோனேன். நரம்பு தட்டையாகிவிட்டது.

“மேடம், ரொம்ப அமுக்கறீங்க” என்றாள் ரெபேக்கா.

“நான் அமுக்கவே இல்லை சிஸ்டர்.”

கருவி தோலில் பட்டும் படாமலும்தான் இருந்தது. ஊசியை எடுத்தேன், நரம்பு திறந்தது. திரும்பக் கொண்டுபோனேன், மூடிக்கொண்டது. நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். உடம்பில் நீர் குறைந்தால் மூச்சு இழுக்கும்போது நரம்பு சுருங்கும், அதை நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சலைன் ஏற்றச் சொன்னேன், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னேன். துணியை விலக்கி இடது பக்கம் பார்த்தேன், நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கமும் அப்படித்தான் நின்றது, ஊசி பக்கத்தில் போகிற வரைக்கும். மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊசி வந்தால் மூடும், போனால் திறக்கும், யாரோ பார்த்துக்கொண்டிருந்து செய்கிற மாதிரி.

இதற்குமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள். துணியின் ஓட்டைக்குள் தெரிந்த அந்தக் கொஞ்சம் தோலில், கருவிக்குக் கீழே, நான்கு சின்னப் பள்ளங்கள் வரிசையாக விழுந்திருந்தன. விரலால் அழுத்தினால் விழுகிற மாதிரி. ரெபேக்காவின் இரண்டு கையும் டிரேயின் மேல் இருந்தன. என் ஒரு கையில் ஊசி, ஒரு கையில் கருவி.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் மயங்கிக் கிடந்த சரோஜா, துணிக்கு அடியிலிருந்து தெளிவாகப் பேசினாள்.

“அக்கா, கையை எடுக்கா. வலிக்குது.”

ரெபேக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேரும் வெளியே ஓடியிருப்போம். மானிட்டரில் பிரஷர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. நின்று யோசிக்க நேரமில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுச் சொன்னேன்: “சரி, இந்தப் பக்கம் போடல. விட்டுடுங்க.”

திரையில் அந்த நரம்பு மெல்லத் திறந்தது. வட்டமாக, கறுப்பாக, அதற்குப் பிறகு அசையவே இல்லை. தோலில் பள்ளமும் இல்லை. ஊசியை மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மெல்லிசானதை இடது கழுத்திலும் தடிமனானதைத் தொடையிலும் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை பழகியிருந்தது, அது தானாகச் செய்தது. டயாலிசிஸ் தொடங்கியதை கிட்னி டாக்டருக்குச் சொன்னபோது, “ஏன் மேடம் தொடையில போட்டீங்க?” என்றார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்குத் தொடையில் ரத்தம் கசிந்தது, ரெபேக்கா உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதுவே கழுத்தாக இருந்திருந்தால் மூச்சுக்குழல் அடைத்துப் போயிருப்பாள், யாரோ நல்ல ஆத்மா காப்பாற்றிவிட்டது என்பது ரெபேக்காவின் கட்சி. எனக்கு அப்படித் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. கழுத்தில் போட்டிருந்தால் ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருந்திருக்கலாம். இருப்பதிலேயே நல்ல வழியை அது அடைத்தது. காப்பாற்ற அடைத்ததா, பிழைக்கக் கூடாது என்று அடைத்ததா?

எப்படியோ சரோஜா பிழைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் இறங்கியது, இரண்டு குழாயையும் எடுத்தோம். வார்டுக்கு மாற்றியதும் ஸ்கேன் டாக்டரை வைத்து வலது கழுத்தை முழுக்கப் பார்க்கச் சொன்னேன். கட்டி இல்லை, அடைப்பு இல்லை. “இவ்வளவு நல்ல வெயினை விட்டுட்டுத் தொடைக்குப் போனீங்களா?” என்று சிரித்தார்.

முருகேசனிடம் சரோஜாவின் அக்கா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அக்காவா? அவ ஒத்தப்பொண்ணுங்க மேடம்” என்றார்.

சரோஜாவையே கேட்டேன். “மயக்கத்துல ஏதாச்சும் ஒளறியிருப்பனுங்க, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க” என்று வெட்கப்பட்டாள். பொய் சொல்கிற முகம் இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். களைப்பு, பயம், மழை என்று எதையாவது சொல்லி மனதைச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

குளிர்காலத்தில் இரண்டு பேரும் செக்கப்புக்கு வந்தார்கள். சரோஜா ஆளே மாறியிருந்தாள், கன்னத்தில் சதை பிடித்திருந்தது, மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறாளாம். ரத்தம் கொடுக்க லேபுக்கு அவளை அனுப்பிவிட்டு முருகேசன் மட்டும் பின்தங்கினார்.

“ஏனுங்க மேடம், அவளுக்கு வலது பக்கக் கழுத்துல ஏதாச்சும் பண்ணீங்களா?”

“இல்லையே. இடது பக்கம்தான் போட்டோம். ஏன்?”

“இல்லீங்க, ஊட்டுக்கு வந்ததுல இருந்து அந்தப் பக்கம் மட்டும் சில்லுனே இருக்குதுங்க. அவளுக்குத் தெரியல. நான் தொட்டாத்தான் தெரியுது.”

சரோஜா திரும்பி வந்ததும் சாதாரணமாகப் பார்ப்பது போலக் கழுத்தில் கை வைத்தேன். இடது பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பக்கம் மழையில் நனைந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. உடம்பிலேயே சூடாக இருக்க வேண்டிய இடம் அது. விரலுக்கு அடியில் நாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்க, என் விரல் விறைத்தது. அவளோ முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, பையனை ஹாஸ்டலில் சேர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ நல்லா இருக்கேம்மா” என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

இப்போதும் செக்கப்புக்குத் தவறாமல் வருகிறாள். ரத்தப் பரிசோதனையெல்லாம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்தைத் தொட்டு நாடி பார்க்கிறேன், இடது பக்கம் மட்டும்.