முப்பத்தாறில் பதினொன்று

பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த பொன்னுச்சாமியின் மகள் தேவசேனா, கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் ஒயின் அறையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால், "ஓட்டல்ல ஸ்டோர்ஸ் பாக்குறேன்" என்பாள். அது பொய்யும் இல்லை. கேட்டரிங் படித்துவிட்டுப் பரிமாற வந்தவளின் மூக்கு வாசனை பிரிப்பதைக் கவனித்து, பெங்களூருக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியவர் முதலாளி லீலா. தேவசேனா ருசி பார்த்ததும் துப்பிவிடுவாள். ஒரு மடக்கு விழுங்கியதில்லை.

அந்த வேலையில் அவளுக்குக் கிடைக்காதது நிம்மதி. இன்றைக்குக் குடிக்க ஒரு ஒயினைத் தேர்ந்தெடுப்பது எளிது. பத்து வருடம் குளிர்ந்த அறையில் படுக்கவைத்தால் இன்னும் மேலாகும் என்று நம்பி வாங்குவது வேறு. புளிப்பு வேண்டும், துவர்ப்பு வேண்டும், இரண்டையும் தாங்கும் சாரம் வேண்டும். எல்லாம் இருந்தும் வழியிலோ அறையிலோ சூடு பட்டால் போச்சு. அதனால் அறையின் தெர்மாமீட்டரை நாளைக்கு ஐந்து தடவை போய்ப் பார்ப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதம், சென்னை ஏஜென்ட்டிடமிருந்து மூன்று பெட்டிகளில் முப்பத்தாறு பாட்டில் வந்தது. இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு ஒயின்; சின்னத் தோட்டம் ஒன்றில் கொஞ்சமாக விளைந்தது. லீலா இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியது. பெட்டியை இறக்கும்போது டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "வத்தலக்குண்டுல வண்டி ரிப்பேராகி ரெண்டு நாள் வெயில்ல நின்னு போச்சுங்க."

தேவசேனா பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். ஏஜென்ட்டின் ஆள் குமாரவேல் லீலாவிடம் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், இப்பக் கையெழுத்துப் போடாதீங்க. ஒண்ணத் தொறந்து பாத்துக்கிறேன்," என்றாள்.

"பத்து வருஷம் வைக்க வாங்குனத இன்னைக்கே தொறக்கச் சொல்றியா?" என்றார் லீலா.

"வெந்து போயிருந்தா பத்து வருஷம் வச்சும் பிரயோசனம் இல்ல மேடம்."

திறந்தாள். ஜாம் காய்ச்சுகிற பாத்திரத்தின் வாடை அடித்தது. லீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் அப்படி இருக்காதுங்க," என்றான் குமாரவேல்.

வேறு பெட்டியிலிருந்து இன்னொன்றைத் திறந்தாள். காய்ந்த ரோஜா வாசனை, மழை விழுந்த தார் ரோட்டின் வாசனை. உயிரோடு இருந்தது. அதுதான் சிக்கல். எல்லாமே கெட்டிருந்தால் ஒரே பேச்சில் திருப்பி அனுப்பியிருக்கலாம். இப்போது மிச்சம் முப்பத்து நாலையும் திறக்காமல், கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தாக வேண்டும்.

ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தில் ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தக்கை மேலே தள்ளியிருக்கிறதா, மூடியோரம் பிசுபிசுக்கிறதா? காலையில் தொடங்கியது மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது. ஒரு பாட்டிலை மூன்று தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்தாள்.

"வெரசா முடிங்க, பஸ்ஸப் பிடிக்கணும்," என்று குமாரவேல் முணுமுணுத்தான்.

பதினொன்று தேறியது. இருபத்து மூன்று திரும்பப் போனது.

"இனி இது எங்க கெடைக்கும் தேவசேனா?" லீலாவின் குரல் உயர்ந்தது.

"கெடைக்காதுங்கிறதுக்காகக் கெட்டதப் படுக்கவைக்க முடியாதுல்ல மேடம்."

லீலா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் பரோலோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இந்த ஜனவரியில் லீலாவே கேட்டார்: "அதுல ஒண்ணு எடுத்துட்டு வா."

தேவசேனா தக்கையை உருவினாள். ரோஜா முன்பைவிட ஆழமாக வந்தது. துவர்ப்பு மட்டும் இன்னும் முரண்டுபிடித்தது. லீலா நிதானமாகக் குடித்துவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லிக் கிளாஸை நீட்டினார்.

"அவசரப்பட்டுத் தொறந்துட்டோம். இன்னும் சில வருஷம் விட்டிருந்தா இதவிட நல்லா வந்துருக்கும்," என்றார். பிறகு, "இனிமே எத வாங்குறது, எத வைக்கிறதுன்னு நீயே முடிவு பண்ணு. என்கிட்டக் கேக்காத."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. படியேறி வெளியே வருவதற்குள் அது கரைந்துவிட்டது. இதுவரை சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தார்.

அட்டுவம்பட்டி வீட்டில் புருஷன் சிவமுருகன் முகத்தைப் பார்த்தே கேட்டான்: "என்ன, பரோலோவத் தொறந்தீங்களா? நல்லா இருந்துச்சா?"

"அந்த ஒண்ணு நல்லா இருந்துச்சு. மிச்சம் பத்து தொறந்தாத்தான் தெரியும்," என்றாள்.