கதையில் வந்த நசிமா

நசிமாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தன் நிழல் பின்னால் வந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள் என்று விருதுநகரில் அந்தத் தெருவே கேலி பேசும். அவள் கணவர் சம்சு, தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெடி சுருட்டப் பழைய பேப்பர் லோடு அனுப்பிய வியாபாரி. இரண்டாயிரத்து ஆறில் அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது. ஒருநாள் சோறு வைத்தவளையே நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். நசிமா தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள், நடுநடுவே கேள்வி கேளுங்கள் என்றார் மதுரை டாக்டர். மகன் நவ்ஷாத், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பாலம்மாள் டீச்சரை ஏற்பாடு செய்தான். தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். அதுதான் வினையாயிற்று. சாத்திய கதவுக்குப் பின்னால் அப்படி என்ன கதை? தன்னைக் கண்டால் மிரளுகிற மனிதர் அங்கே மட்டும் எப்படிச் சிரிக்கிறார்? நசிமா அரிசி புடைக்கிற சாக்கில் கதவோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

உள்ளே அவள் பெயரே கேட்டது.

"நசிமா ஏன் அழுதா, பாய்?" என்றார் டீச்சர்.

"நசிமா பாவம். அவளுக்கு யாரு இருக்கா?" என்றார் சம்சு.

நசிமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டிய நாள் முதல் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலில் 'ஏ புள்ள', மகன் பிறந்த பிறகு 'நவ்ஷாத் அம்மா'. அந்த வீட்டு வழக்கம் அது. இன்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் அந்தப் பெயர் எப்படி வாயில் வருகிறது? கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னைய வச்சு இங்கன என்ன பேச்சு ஓடுது டீச்சர்?"

பாலம்மாள் புத்தகத்தைக் காட்டினார். "கதையில வர்ற பொம்பளைக்கெல்லாம் உங்க பேரை வச்சு வாசிக்கேன்க்கா. நித்தம் காதுல விழுந்தா உங்கள அடையாளம் தெரிஞ்சிராதான்னு ஒரு ஆசைதான். கதையில வர்ற நசிமாவுக்கு அம்புட்டு இரக்கப்படுதாக. உங்களத்தான் தெரியமாட்டேங்குது."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அந்தப் பேர்ல அவுக என்னைய அறியமாட்டாக டீச்சர்," என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அப்ப நவ்ஷாத் அம்மா அடுப்படியில இருந்து வெளிய வந்தா..."

சம்சு சட்டென்று நிமிர்ந்தார். கதவை ஒருதரம் பார்த்தார். பிறகு நசிமா பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"சத்தத்தைக் குறைச்சு வாசிங்கம்மா. அவ காதுல விழுந்தா, யாரு இந்தப் பொம்பளைன்னு சந்தேகப்படுவா."

நசிமா குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசித்தாள்.