எந்த ஊர், ஆற்றை பிள்ளை?

கலியாண சேவை அலுவலகத்தில் வேலை செய்பவள் கூசாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" ஊரும், யாருடைய பிள்ளை என்பதும் தெரிந்தால்தான் சொந்தமா இல்லையா என்பது பிடிபடும். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் படியேறும் எல்லோரிடமும் கேட்கிறேன். ஒருவரிடம் மட்டும் வாய் வரவில்லை. முகம் பிடித்துப்போன பிறகு ஊரைக் கேட்கப் பயப்படுகிறவர்களே, இது உங்களுக்காக.

விட்பிக்காரர்

விட்பி நகரிலிருந்து தாயோடு வந்தவர், கணினியில் பெண்களின் படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நின்றார். "நல்ல சிரிப்பு." தாய் எட்டிப் பார்த்தார். தகப்பனின் ஒன்றுவிட்ட தம்பியின் மகள்; முறைக்குத் தங்கச்சி. அடுத்து அவர் தெரிவுசெய்த பெண்ணும் அதே குடும்பம், அதே சிரிப்பு. முன்பின் காணாத முகங்களுக்குள் தன் வீட்டுச் சிரிப்பையே அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்குப் பிடிக்கிறதெல்லாம் தங்கச்சியெண்டால், நான் ஆரைத்தான் கட்டுறது?"

லட்டு

ஒஷாவாவிலிருந்து ரெயினில் வேலைக்கு வந்துபோகையில் காதலித்த இருவர், தங்கள் வீட்டாரை எங்கள் அலுவலகத்தில் சந்திக்க வைத்தார்கள். விசாரித்தால், பெண்ணின் தகப்பனும் பெடியனின் தாயும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. "மச்சான் முறையெல்லோ!" என்று பெரியவர்கள் கட்டிப்பிடித்தார்கள். விட்பிக்காரருக்குத் தடையான அதே தூரத்துச் சொந்தம் இங்கே வரமாகிவிட்டது. கனடாவில் பிறந்த அந்த இருவரும் மட்டும் ஆளுக்கொரு கதிரை தள்ளி உட்கார்ந்தார்கள். பெண் மெல்ல எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அவை லட்டுக் குடுக்கினம். எனக்குச் சத்தி வருது."

புருவம்

எங்கள் பிரிண்டரைத் திருத்த வருபவர் நிரோஷன். சிரித்தால் இடது புருவம் மட்டும் உயரும். என் அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்குப் பிடித்தது அதுதான்; நித்திரையைக் கெடுத்ததும் அதுதான். அப்பாவின் சொந்தக்காரரில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

போன கிழமை முதலாளி அன்ரி என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, அவரிடமே கேட்டுவிட்டார்: "தம்பி எந்த ஊர்? அப்பப்பா ஆர்?" நான் ஸ்ரேப்ளரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னார், அன்ரி. அப்பப்பா அந்தோனிப்பிள்ளை."

அப்பாவின் ஊர் அதில்லை; ஸ்ரேப்ளரை விட்டேன். அவர் வெளியே போனதும் அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"சொந்தமில்லைப் பிள்ளை, பயப்பிடாதை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போற உன்ரை அம்மாவுக்கு, பெடியன் வேதம், சேர்ச்சுக்குப் போறவனெண்டு ஆர் சொல்லுறது?"

சொந்தமாயும் இருக்கக் கூடாது, அந்நியமாயும் இருக்கக் கூடாது என்றால், நாங்கள் காதலிக்க மிஞ்சியிருப்பது ஒரு புருவத்தின் அகலம்தான்.